புளியங்கொட்டைப் பசை

புளியங்கொட்டைப் பசை என்பது புளியமரத்தின் விதைப் பருப்பிலிருந்து பெறப்படும் ஒரு பல்சர்க்கரைடு ஆகும். புளி எடுத்தபின் எஞ்சும் கொட்டையே இதன் மூலப்பொருள். நெசவுத் தொழிலில் பாவு நூலுக்குக் கஞ்சியிட, உணவுத் தானியங்களின் மாவுச்சத்துக்கு மாற்றாக இது பயன்படுகிறது. தொழிற்சாலைத் தேவைக்காக உணவுப் பொருள் செலவாவதை இது குறைக்கிறது.

வரலாறு

இப்பசை நெடுங்காலமாகக் கைவினைகளில் பயன்பட்டு வருகிறது. ஒடிசாவின் பட்டச்சித்திர ஓவியர்கள் இதனுடன் சுண்ணப்பொடியைக் கலந்து துணியில் பூசி, அதன்மேல் வரைகின்றனர். 1942 ஆம் ஆண்டில் டி. பி. கோசு, எசு. கிருட்டிணா ஆகிய இந்திய அறிவியலாளர்கள், விதைப் பருப்பில் 46 முதல் 48 விழுக்காடு வரை கூழாகும் பொருள் உள்ளதாக அறிவித்தனர். 1943 இல் பருத்தி ஆலைகளில் மாவுச்சத்துக்கு மாற்றாகப் பயன்படுத்த, புளியங்கொட்டை மாவு வணிக அளவில் தயாரிக்கப்பட்டது. வங்காளத்தில் பெரும் பஞ்சம் நிலவியதும் அதே ஆண்டில்தான்.

தயாரிப்பு

கொட்டை வறுக்கப்பட்டு அதன் பழுப்புத் தோல் நீக்கப்படுகிறது. தோலில் உள்ள தானின்கள் மாவிற்கு நிறமும் துவர்ப்பும் தருமாதலால் அதை முழுமையாக நீக்குதல் இன்றியமையாதது. பின்னர் பருப்பு அரைத்து மாவாக்கப்படுகிறது. மாவில் பல்சர்க்கரைடுடன் புரதமும் கொழுப்பும் உள்ளன.

மூலக்கூற்று அமைப்பு

மாவுச்சத்து, புளியங்கொட்டைப் பசை ஆகிய இரண்டின் முதன்மைச் சங்கிலியும் குளுக்கோசு அலகுகளால் ஆனதே. மாவுச்சத்தில் அவை ஆல்பா பிணைப்புகளாலும், புளியங்கொட்டைப் பசையில் செல்லுலோசில் உள்ளது போலப் பீட்டா பிணைப்புகளாலும் இணைந்துள்ளன. ஆகவே மாவுச்சத்தைச் சிதைக்கும் அமைலேசு நொதி இதனைச் சிதைப்பதில்லை. மனிதக் குடலில் இது நார்ப்பொருளாகவே செயல்படுகிறது.

செல்லுலோசு நீரில் கரையாது. புளியங்கொட்டைப் பசையிலோ சைலோசு, காலக்டோசு ஆகிய சர்க்கரைகள் பக்கக் கிளைகளாக உள்ளன. இவை சங்கிலிகள் நெருங்கி அடுக்குவதைத் தடுப்பதால் பசை சுடுநீரில் கரைந்து பாகாகிறது.

வேதி மாற்றங்கள்

இயற்கை நிலையில் இப்பசைக்குச் சில குறைகள் உள்ளன. குளிர்ந்த நீரில் இது முழுமையாகக் கரைவதில்லை. காய்ச்சிய பசை விரைவில் கெடுகிறது. இவற்றைக் களையப் பின்வரும் மாற்றங்கள் செய்யப்படுகின்றன.

* கார்பாக்சிமெத்திலேற்றம்: சோடியம் ஐதராக்சைடு முன்னிலையில் பசை மோனோகுளோரோ அசிட்டிக் அமிலத்துடன் வினைபுரிகிறது. இதனால் சங்கிலியில் எதிர்மின்னேற்றம் கொண்ட தொகுதிகள் இணைகின்றன. அவை ஒன்றையொன்று விலக்குவதால் சங்கிலிகள் விரிந்து குளிர்ந்த நீரிலும் கரைகின்றன. கரைசலில் உப்பு மிகுந்தால் இவ்விலக்கம் மறைக்கப்பட்டுப் பாகுத்தன்மை குறைகிறது.
* ஐதராக்சிபுரோப்பைலேற்றம்: புரோப்பிலீன் ஆக்சைடு கொண்டு செய்யப்படுகிறது. இதில் மின்னேற்றம் இல்லாத தொகுதிகள் சேர்வதால் உப்பினால் ஏற்படும் பாதிப்பு குறைவு.
* ஒட்டுப் பலபடியாக்கம்: அக்ரிலமைடு போன்ற சேர்மங்களின் சங்கிலிகள் பசையின்மீது கிளைகளாக வளர்க்கப்படுகின்றன. நீரில் மிதக்கும் நுண்துகள்களைத் திரளச் செய்து படியவைக்க இவ்வகை உதவுகிறது.
* காலக்டோசு நீக்கம்: நொதியால் காலக்டோசின் ஒரு பகுதி நீக்கப்பட்டால் சங்கிலிகள் ஒன்றோடொன்று சேர்கின்றன. கரைசல் சூடாகும்போது கூழாக இறுகி, குளிரும்போது மீண்டும் நீர்மமாகிறது.

பயன்கள்

சர்க்கரை மிகுந்த கரைசலில் இப்பசை கூழாக உறைகிறது. பெக்டினுக்குத் தேவைப்படுவது போன்ற அமிலத்தன்மை இதற்குக் கட்டாயமன்று. சப்பானில் இது உணவுப் பொருட்களைத் தடிப்பாக்கப் பயன்படுகிறது. மாற்றப்பட்ட வகைகள் துணி அச்சிடும் சாயக் குழம்பில் சேர்க்கப்படுகின்றன. வறண்ட கண்களுக்கான சில சொட்டு மருந்துகளிலும் இப்பல்சர்க்கரைடு உள்ளது.