குதிரைவால் நரம்புத் தொகுதி அழுத்தம்

தண்டுவடம் முதுகெலும்பின் அடி வரை நீள்வதில்லை. பெரியவர்களுக்கு முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்திலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்பு வேர்கள் குதிரை வால் போலக் கொத்தாக இறங்குகின்றன. இக்கொத்து நசுங்குவதே இந்நோய். மருத்துவர்கள் இதைக் ‘காடா ஈக்குவைனா சிண்ட்ரோம்’ என்பர். அரிதானது, ஆனால் முதுகுவலிகளில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாதது.

பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளை ஒட்டிய வட்டுகளில் ஒன்று பெரிதாகப் பிதுங்குவதே காரணம். கட்டி, சீழ், இரத்தக்கட்டு, எலும்பு முறிவு ஆகியவையும் காரணமாகலாம்.

வலி இரு கால்களிலும் இறங்கும். கழிவறையில் கழுவும்போது அந்த இடம் மரத்திருப்பது தெரியும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தும் முட்டும் உணர்வு வராது, பிறகு தானே கசியும். வலி குறைந்து மரப்பு கூடினால் அதைக் குணம் என்று எண்ணிவிடக்கூடாது. சிறுநீர் கழித்த பிறகும் 200 மி.லி.க்கு மேல் தங்கியிருந்தால் சந்தேகம் வலுக்கும். எம்.ஆர்.ஐ. படமே உறுதி செய்யும்.

சிகிச்சை, முள்ளெலும்பின் பின்வளைவை அகற்றி, பிதுங்கிய வட்டை எடுத்து அழுத்தத்தை நீக்கும் அவசர அறுவை. 48 மணி நேரத்துக்குள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கெடு. அதுவரை காத்திருக்கலாம் என்று அதற்குப் பொருளில்லை. நரம்புறை கிழிந்து தண்டுவட நீர் கசிதல், தொற்று, இரத்தப்போக்கு, நரம்புச் சேதம் ஆகியவை அறுவையின் அபாயங்கள். செய்யாமல் விட்டாலோ சிறுநீர், மலக் கட்டுப்பாடும் பாலுறவு உணர்வும் நிரந்தரமாகப் போகலாம். அறுவைக்குப் பின் கால்வலி விரைவில் தணிவதுண்டு. சிறுநீர்ப்பை தேற மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை சிலர் தாமே குழாய் செருகிச் சிறுநீரை வெளியேற்றப் பழகிக்கொள்கின்றனர்.