செதுக்கோவியத்தில் இடம்பெறாத மனிதர்

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் சாலையில் அமைந்திருக்கிறது பெரியநாயக்கன்பாளையம். அவ்வூரில் நண்பர் ஒருவருடைய இல்லத்துக் கூடத்தில், கண்ணாடிச் சட்டத்திற்குள் பழுப்பேறிய அச்சுப்படம் ஒன்று தொங்குகிறது. இருளைக் கிழிக்கும் விளக்கொளி. கோட்டை வாயிலில் நிமிர்ந்து நிற்கும் படைத்தளபதி. கீழே உயிரற்றுக் கிடக்கும் மன்னர். தளபதி, ஸ்காட்லாந்து நாட்டவரான சர் டேவிட் பேர்டு. மன்னர், மைசூர்ப் புலி எனப்பெற்ற திப்பு சுல்தான். இடம் ஸ்ரீரங்கப்பட்டணம், நாள் 1799 மே 4.

இக்காட்சியை ஓவியமாகத் தீட்டியவர் டேவிட் வில்கி. இந்திய மண்ணை அவர் மிதித்ததில்லை. பேர்டு 1829இல் மறைந்தபின், அவருடைய மனைவியாரின் விருப்பத்திற்கிணங்க வரைந்து, 1839இல் மக்கள் பார்வைக்கு வைத்தார். பின்னர் ஜான் பர்னெட் என்பார் அதனைச் செதுக்கோவியமாக்கினார். உலோகத் தகட்டில் கூரிய உளியால் கோடு கோடாகக் கீறி, கீறலில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்தி எடுப்பது அக்கலை. நெருங்கிய கோடுகள் நிழலாகும். விலகிய கோடுகள் ஒளியாகும். மூல ஓவியம் ஓர் இடத்தில் தங்கிவிடும். செதுக்கோவியமோ நூற்றுக்கணக்கான வீடுகளின் சுவர்களுக்குச் செல்லும். வரலாறு பலருடைய நெஞ்சில் பதிந்தது இவ்வழியில்தான்.

படத்தில் பேர்டின் காலடியில் இரும்புக் கம்பிகள் இட்ட சிறு திறப்பு ஒன்று தெரிகிறது. அது நிலவறைச் சிறையின் வாயில். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னர், 1780 செப்டம்பர் 10 அன்று, காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை ஐதர் அலியும் திப்புவும் முறியடித்தனர். சிறைப்பட்டோருள், உடலெங்கும் காயமுற்ற இளம் காப்டன் பேர்டும் ஒருவர். ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் அவர் கழித்த காலம் ஏறத்தாழ மூன்றரை ஆண்டு.

அச்சிறையில் நிகழ்ந்த ஒன்றை, 1832இல் வெளிவந்த பேர்டின் வாழ்க்கை வரலாற்றில் தியோடர் ஹுக் பதிவுசெய்துள்ளார். கைதிகளுக்குப் பூட்ட விலங்குகள் கொண்டுவரப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ நான்கு கிலோ எடை. ஆறாத புண்களுடன் கிடந்த பேர்டுக்கும் விலங்கா என்று நரைத்த தலையினரான காப்டன் லூக்காஸ் வினவினார். எத்தனைக் கைதிகளோ அத்தனை விலங்குகள் வந்துள்ளன, அனைத்தும் பூட்டப்பட்டாக வேண்டும் என்றார் காவல் அதிகாரி. அப்படியானால் அவருடையதையும் சேர்த்து எனக்கே இரண்டாகப் பூட்டுங்கள் என்றார் லூக்காஸ். அச்சொல் காவலரின் நெஞ்சையும் உருக்கிற்று. பேர்டு அப்போதைக்கு விலங்கினின்று தப்பினார். 1784இல் உடன்படிக்கை ஏற்பட்டு அவர் விடுதலை பெற்றார். லூக்காஸ் சிறையிலேயே மாண்டார்.

வென்றவர்கள் படம் வரைவிப்பது ஒரு நாட்டாரின் வழக்கம் மட்டுமன்று. புள்ளலூர் வெற்றியைத் திப்புவும் தம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் தீட்டச் செய்தார். அதில் காயமுற்ற பெய்லி பல்லக்கில் அமர்ந்திருக்கிறார். ஒருவர் தோல்வி மற்றவர் சுவருக்கு அணி! இரு படங்களிலும் லூக்காஸுக்கு இடமில்லை.

கொங்கு மக்களாகிய நமக்கு இப்படம் அயலார் கதையன்று. கெஜ்ஜல்ஹட்டிக் கணவாய் வழியே மைசூர்ப் படைகள் இறங்கிய நாடு இது. திப்பு வீழ்ந்த 1799ஆம் ஆண்டிலேயே கோவைச் சீமை கும்பெனியார் வசமாயிற்று. திப்புவின் பக்கம் நின்று போரிட்ட தீரன் சின்னமலை, 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். கத்தோலிக்கர்க்கோ வேறொரு நினைவும் உண்டு. பேர்டு விடுதலையான அதே 1784இல், கன்னடக் கடற்கரைக் கத்தோலிக்கர் பல்லாயிரவர் சிறைப்பிடிக்கப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணம் கொண்டுசெல்லப்பட்டனர். சிலருக்குத் திறந்த கதவு, பலரை உள்ளே வைத்துச் சாத்திக்கொண்டது. 1799க்குப் பின்னரே, சிதறிய அம்மக்களை ஒன்றுசேர்க்க அபே துபுவா அடிகளார் அங்குச் சென்றார். ஒருவரே சிலர்க்கு வீரராகவும் சிலர்க்குக் கொடியவராகவும் நினைவில் நிற்கிறார். இரண்டு நினைவுகளும் மெய். ஒன்றைக் கூறி மற்றொன்றை அழித்தல் முறையன்று.

கோட்டை வீழ்ந்த அன்று நகரில் கொள்ளை நிகழ்ந்தது. அதனையும் செதுக்கோவியம் காட்டவில்லை. எனினும் அன்றே, தம்மைச் சிறைவைத்தவரின் மைந்தர்கள் அரண்மனையில் அகப்பட்டபோது, பேர்டு அவர்களுக்குத் தீங்கு நேராதென உறுதியளித்துக் காத்தார். மறுநாள் திப்பு தம் தந்தையின் அருகே இராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்யப்பெற்றார். பழிவாங்கும் உரிமை தமக்குண்டு என்று எண்ணியிருக்கக்கூடியவர் கையை அடக்கிக்கொண்டார். தம் விலங்கை இன்னொருவர் சுமக்க முன்வந்ததைக் கண்ணாரக் கண்டவர் அவர் என்பதை நாம் மறக்கலாகாது.

நண்பர் இல்லம் செல்லும்போதெல்லாம் அப்படத்தின் முன் சற்று நிற்கிறேன். ஒளியெல்லாம் தளபதியின் முகத்தில் விழுகிறது. என் கண்களோ அவர் காலடியில், கம்பிகளுக்குக் கீழே, கோடுகள் நெருங்கி நெருங்கிக் கருத்துக் கிடக்கும் அந்த மூலையை நாடுகின்றன.