குடிமீட்புக் கூட்டங்கள்

குடியை விட விரும்புவோர் தம் பகுதியிலேயே கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் கட்டணமற்ற கூட்டங்கள் குடிமீட்புக் கூட்டங்கள் எனப்படுகின்றன. இவற்றுள் மிகப் பரவலானது ‘ஏ.ஏ.’ எனச் சுருக்கமாக வழங்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். சிகிச்சை முடிந்து வீடு திரும்புபவரிடம் ஏ.ஏ. கூட்டத்தின் முகவரியைக் கொடுத்து அனுப்புவது பல நாடுகளிலும் உள்ள வழக்கம். அதோடு வேலை முடிந்துவிடுவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. கூட்டத்தைத் தேடிப் பிடிப்பதும் முதன்முறை வாசலைக் கடப்பதும் தாமாக நடந்துவிடும் காரியங்கள் அல்ல. அவற்றுக்கு உதவுவதையும் சிகிச்சையின் பகுதியாகவே கொள்ள வேண்டும்.

தோற்றமும் அமைப்பும்

1935இல் தொழில் நிமித்தமாக அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து ஆக்ரன் நகருக்கு வந்த நியூயார்க் பங்குச்சந்தைக்காரர் பில் வில்சன், எடுத்த காரியம் தோற்றதும் மறுபடி குடித்துவிடுவோமோ என்று அஞ்சினார். பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டுமென்று தேவாலயங்களுக்குத் தொலைபேசியில் விசாரித்து, அந்த வழியாக அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். ஸ்மித் குடியை நிறுத்தியதாகக் கொள்ளப்படும் ஜூன் 10ஆம் நாளே ஏ.ஏ.வின் தொடக்க நாளாகக் கொண்டாடப்படுகிறது. இயக்கத்தின் அடிப்படை நூல் 1939இல் வெளிவந்தது. குழுக்களின் நடைமுறையை வரையறுக்கும் பன்னிரு மரபுகள் 1950இல் ஏற்கப்பட்டன. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்கான தகுதி. சந்தா கிடையாது, வெளியார் நன்கொடையும் ஏற்கப்படுவதில்லை, உறுப்பினர்கள் இயன்றதைக் கூட்டத்திலேயே போடுகிறார்கள். ஒவ்வொரு குழுவும் தன்னைத் தானே நடத்திக்கொள்கிறது. இயக்கம் எளிதில் பரவியது இந்த அமைப்பால்தான். பள்ளி அறையிலோ தேவாலயக் கூடத்திலோ வாரத்துக்குச் சில மணிநேரம் மட்டும் கூடும் குழு புதியவர் கண்ணில் படாமல் போவதும் இதே அமைப்பால்தான்.

கூட்டத்தைக் கண்டறிதல்

இந்தியாவில் ஏ.ஏ. 1957 முதல் இயங்குகிறது. அதற்கான தேவை எவ்வளவு பெரியது என்பதை 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது: 10 முதல் 75 வயது வரையுள்ளோரில் 14.6 விழுக்காட்டினர், ஏறத்தாழ 16 கோடிப் பேர், மது அருந்துகிறார்கள். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாகக் கூறினார். கூட்டத்தைத் தேடுபவர் பெருநகரங்களில் குழுக்களுக்குப் பொதுவாக உள்ள இன்டர்குரூப் அலுவலகத்தையோ ஏ.ஏ. இணையதளத்தையோ நாடலாம். 14446 என்ற தேசிய உதவி எண்ணும் வழிகாட்டும். 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனை போன்ற மறுவாழ்வு மையங்களின் ஆலோசகர்களையும் கேட்கலாம். பட்டியலில் உள்ள குழு இடமோ நேரமோ மாறியிருக்கக்கூடும் என்பதால் புறப்படுமுன் தொலைபேசியில் உறுதிசெய்துகொள்வது நல்லது. கூட்டம் எந்த மொழியில் நடக்கிறது, குடிநோயாளருக்கு மட்டுமான மூடிய கூட்டமா அல்லது குடும்பத்தாரும் வரக்கூடிய திறந்த கூட்டமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

கூட்டத்தின் நடைமுறை

பெரும்பாலான கூட்டங்கள் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் நடக்கும். உறுப்பினர்களில் ஒருவர் தலைமையேற்க, மற்றவர்கள் தம் குடிப்பழக்கம் பற்றியும் அதிலிருந்து விடுபட்டது பற்றியும் முறைவைத்துப் பேசுவார்கள். ஒருவர் பேசும்போது குறுக்கே மறுத்துப் பேசுவதோ அறிவுரை சொல்வதோ வழக்கமில்லை. புதியவர் பேசாமல் கேட்டுக்கொண்டே இருக்கலாம். முழுப்பெயரைச் சொல்லவும் தேவையில்லை. நாளடைவில், குடியை விட்டு நெடுநாளான ஒருவரை ஸ்பான்சராகத் தேர்ந்துகொண்டு, நெருக்கடியில் அவரை அழைக்கலாம். குழுவுக்குக் குழு இயல்பு மாறும். ஆகவே முதல் கூட்டம் ஒட்டவில்லை என்பதால் முடிவுக்கு வந்துவிடாமல் வேறு சில குழுக்களையும் பார்ப்பது பயனுள்ளது.

பயன் பற்றிய சான்றுகள்

சிசன், மலாம்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1981இல் வெளியிட்ட சிறிய சோதனையில் சிகிச்சை பெறும் 20 பேர் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குக் கூட்டத்தின் இடமும் நேரமும் சொல்லப்பட்டன. மற்றப் பிரிவினரை ஆலோசகர் தம் முன்னிலையிலேயே ஏ.ஏ. உறுப்பினர் ஒருவரோடு தொலைபேசியில் பேசவைத்தார். அந்த உறுப்பினரே அவர்களைக் கூட்டத்துக்கு அழைத்துச் செல்ல முன்வந்தார். முதல் பிரிவில் எவரும் கூட்டத்துக்குப் போகவில்லை. இரண்டாம் பிரிவில் அனைவரும் போனார்கள். 20 பேரை வைத்து எல்லாவற்றையும் முடிவுகட்ட இயலாது. ஆனால் 2020இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உள்ளடக்கியது. ஏ.ஏ.வில் ஈடுபட வைப்பதையே நோக்கமாகக் கொண்ட முறையான சிகிச்சை, தொடர்ந்து மதுவின்றி இருக்கச் செய்வதில் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை போன்றவற்றை விஞ்சியது என்று அது கண்டது. இங்கே அளக்கப்பட்டது வெறும் கூட்டத்தின் பயன் அன்று. கூட்டத்தில் கொண்டுசேர்க்கும் முயற்சியின் பயனும் அதில் அடங்கும்.

மறுப்புகளும் வரம்புகளும்

விட்டுவிட வேண்டும் என்ற உறுதி ஏற்கெனவே உள்ளவர்கள்தாம் கூட்டத்துக்கு வருகிறார்கள், குணமாவது அந்த உறுதியால்தான் என்பது முதல் மறுப்பு. இதைச் சோதிக்க ஹம்ஃப்ரீஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2014இல் குலுக்கல் முறைச் சோதனைகளின் தரவுகளை எடுத்துக்கொண்டு, சுயவிருப்பின் தாக்கத்தை நீக்கிக் கணக்கிட்டார்கள். அப்போதும் கூட்டத்துக்குக் கூடுதலாகச் சென்றவர்களுக்குக் குடியில்லா நாட்கள் கூடியிருந்தன. ஏற்கெனவே ஏ.ஏ.வில் ஆழ்ந்து ஈடுபட்டிருந்தவர்களிடம் மட்டும் இந்தக் கூடுதல் பயன் தெரியவில்லை. குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்துள்ள பன்னிரு படிகளில் கடவுள் பேசப்படுவது அடுத்த மறுப்பு. இது நியாயமானதே, நியூயார்க் மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1996இல் ஒரு கைதியை இத்தகைய திட்டத்தில் சேரக் கட்டாயப்படுத்துவது செல்லாது என்றது. ஆயினும் குடிக்கும் கூட்டாளிகள் குறைந்து குடிக்காத நண்பர்கள் பெருகுவது ஏ.ஏ.வின் பயனுக்கு ஒரு முக்கியக் காரணம் என ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்தப் பயன் மதச்சார்பற்ற குழுக்களிலும் கிடைக்கக்கூடியது. 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரெக்கவரி அத்தகையது. சிற்றூரில் கூட்டத்துக்குப் போனால் ஊருக்கே தெரிந்துவிடும் என்ற அச்சத்துக்குப் பக்கத்து ஊர்க் கூட்டமோ இணையவழிக் கூட்டமோ விடையாகலாம். குடிநோயாளர் வர மறுத்தாலும் குடும்பத்தாருக்கு 1951இல் தோன்றிய அல்-அனான் குழுக்கள் உண்டு.

கூட்டம் மருத்துவத்துக்கு மாற்றாகாது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஆகியவை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். அதன்பின் மருத்துவரோ ஆலோசகரோ செய்யக்கூடியதற்குச் செலவு ஒன்றுமில்லை: முகவரி எழுதித் தருவதற்குப் பதிலாக, நோயாளி எதிரே இருக்கும்போதே அவர் சம்மதத்தோடு ஏ.ஏ. உறுப்பினர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசவைத்து, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யாரோடு போவது என்பதை முடிவுசெய்து அனுப்புவது.