பட்டியலில் யார் பெயர் போச்சு? யார் பெயர் வந்துச்சு? கம்ப்யூட்டர் ஒப்பிடுவது எப்படி... ஒரு ஸ்பேஸ் பண்ற குழப்பம்!

பீகாரில் 2025 ஜூன் மாதம் வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிர திருத்தம் தொடங்கியபோது, பட்டியலில் இருந்தவர்கள் 7.89 கோடி பேர். செப்டம்பர் 30-ஆம் தேதி வெளியான இறுதிப் பட்டியலில் 7.42 கோடி பேர். கழிச்சுப் பார்த்தா 47 லட்சம் குறையுது. அப்போ 47 லட்சம் பெயர்தான் நீக்கப்பட்டதா?

இல்லை. ஆகஸ்ட் 1-ஆம் தேதி வந்த வரைவுப் பட்டியலிலேயே சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லை. அதன் பிறகு மேலும் 3.66 லட்சம் பெயர்கள் நீக்கப்பட்டன. 21.53 லட்சம் பெயர்கள் சேர்க்கப்பட்டன. போனதையும் வந்ததையும் நேர் செய்த பிறகு மிஞ்சிய கணக்குதான் அந்த 47 லட்சம்.

மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் யார் பெயர் போனது என்று தெரியாது. நீக்கப்பட்ட 65 லட்சம் பேரின் விவரத்தை, காரணத்தோடு, வாக்காளர் அட்டை எண்ணை வைத்துத் தேடும்படி வெளியிட வேண்டும் என ஆகஸ்ட் 14-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும் இதற்காகத்தான். சரி, இவ்வளவு பெரிய இரண்டு பட்டியல் கையில் இருந்தால், அதை எப்படி ஒப்பிடுவது?

எக்செல் போதாதா?

போதாது. எக்செல்லில் ஒரு ஷீட்டுக்கு 10,48,576 வரிகள்தான். 65 லட்சம் பெயருக்கே ஏழு ஷீட் வேணும். பழைய எக்செல் வடிவத்தில் வெறும் 65,536 வரிகள். 2020-இல் இங்கிலாந்து இதில் மாட்டிக்கொண்டது. கொரோனா பரிசோதனை முடிவுகள் பழைய வடிவ ஃபைலில் ஏற்றப்பட்டதால், இடமில்லாமல் போன வரிகள் சத்தமே இல்லாமல் வெட்டப்பட்டன. 15,841 பேரின் பாசிட்டிவ் முடிவுகள் தினசரிக் கணக்கில் விடுபட்டன. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது.

கறுப்புத் திரையில் என்ன நடக்குது?

சினிமாவில் ஹேக்கர் தட்டுவாரே, அந்தக் கறுப்புத் திரைதான் கமாண்ட் லைன். பயப்பட ஒண்ணும் இல்லை. 1970-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் வளர்ந்த காலத்துக் கட்டளைகளே இன்றும் லினக்ஸ், மேக் கணினிகளில் இருக்கின்றன. டெர்மக்ஸ் செயலி போட்டால் ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும்.

பட்டியல் ஒப்பிட உதவும் கட்டளை 'காம்'. பொதுவானது என்ற பொருள் தரும் 'காமன்' என்ற சொல்லின் சுருக்கம். பழைய பட்டியல், புதிய பட்டியல் என்று இரண்டு ஃபைல்களைக் கொடுத்தால் மூன்று பத்தியாகப் பிரித்துத் தரும். முதல் பத்தியில் பழையதில் மட்டும் இருப்பவை, இரண்டாவதில் புதியதில் மட்டும் இருப்பவை, மூன்றாவதில் இரண்டிலும் இருப்பவை. -23 என்று சேர்த்தால் இரண்டாம், மூன்றாம் பத்திகள் மறைந்து, நீக்கப்பட்டவை மட்டும் வரும். -13 போட்டால் புதிதாகச் சேர்ந்தவை. அவ்வளவுதான்.

ஆனால் ஒரு கண்டிஷன். இரண்டு ஃபைலும் 'சார்ட்' கட்டளையால் ஒரே முறையில் வரிசைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். இரண்டு நோட்டில் இரண்டு விரலை வைத்து மேலிருந்து கீழே வருவது போலத்தான் 'காம்' படிக்கிறது. எந்த விரலில் இருக்கும் பெயர் அகர வரிசையில் முந்தியதோ, அந்த விரல் ஒரு வரி இறங்கும். தாண்டிய வரிக்குத் திரும்பிப் போகாது. முழு ஃபைலையும் நினைவில் வைக்கத் தேவையில்லாததால் கோடி வரி என்றாலும் திணறாது. வரிசை கலைந்திருந்தால், இரண்டிலும் இருக்கும் ஒருவரை 'இங்கே நீக்கம், அங்கே சேர்ப்பு' என்று இரண்டு முறை காட்டிவிடும். லினக்ஸில் வரும் 'காம்' இதை எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைப் படிக்காமல் கடந்து போறவங்கதான் அதிகம்.

ஒன்று சேர்ப்பது எப்படி?

ஒரு ஃபைலில் அட்டை எண்ணும் பெயரும் இருக்கு, இன்னொன்றில் அட்டை எண்ணும் நீக்கிய காரணமும் இருக்குன்னு வையுங்க. எண்ணைப் பொருத்தி இரண்டையும் ஒரே வரியில் கொண்டுவருவது 'ஜாயின்'. இதற்கும் வரிசைப்படுத்திய ஃபைல்தான் வேண்டும். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஜோடி கிடைக்காத வரிகளை அது சொல்லாமலே விட்டுவிடும். காரணம் பதிவாகாத ஒருவர், விடையில் இருந்தே காணாமல் போவார். அவர்தானே முக்கியமான ஆள்! முதல் ஃபைலில் யாரும் விடுபடக் கூடாது என்றால் -a 1 என்பதற்கான ஆங்கில எழுத்தும் எண்ணும் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

'பேஸ்ட்' என்று ஒன்றும் உண்டு. எதையும் பொருத்திப் பார்க்காமல் வரிக்கு வரி பக்கத்தில் ஒட்டும். நடுவில் ஒரு வரி குறைந்தால், அதற்குக் கீழே எல்லோருக்கும் அடுத்தவர் விவரம் போய்ச் சேரும். பெயர்ப் பட்டியலுக்கு இது வேண்டாம்.

ஒரே பெயர், ஆனா வேற வேற!

பெயரை வைத்துப் பொருத்துவது ஆபத்து. ஒரே பெயரில் ஒரே ஊரில் பலர் இருப்பார்கள். மூன்று ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட அட்டை எண் அதைவிட நம்பகமானது. ஆனாலும், ஒருவருக்குப் புதிய எண் கொடுக்கப்பட்டால் ஒரே ஆள் நீக்கத்திலும் தெரிவார், சேர்ப்பிலும் தெரிவார்.

கண்ணுக்குத் தெரியாத சிக்கல்கள் இன்னும் மோசம். எண்ணுக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் இருந்தால் போதும், கம்ப்யூட்டருக்கு அது வேறு ஆள். விண்டோஸில் சேமித்த ஃபைலில் ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு மறைகுறி கூடுதலாக இருக்கும். அதை லினக்ஸ் ஃபைலோடு ஒப்பிட்டால் ஒருத்தர் கூட பொருந்த மாட்டார். மொத்த ஊரும் நீக்கம் என்று வரும்.

தமிழில் இன்னொரு தலைவலி. 'கோமதி'யில் உள்ள 'கோ'வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். ஏகாரக் குறி, துணைக்கால் என இரண்டாகவும் சேர்க்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். 'காம்' பார்வையில் இரண்டு கோமதிகள். ஒப்பிடும் முன் இரண்டு ஃபைலையும் ஒரே யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

விடை சரியா என்று பார்க்க சுலபமான வழி உண்டு. நீக்கப்பட்டவை, இரண்டிலும் இருப்பவை ஆகிய இரண்டையும் கூட்டினால் பழைய ஃபைலின் வரி எண்ணிக்கை வர வேண்டும். அது வந்தபிறகும், 'நீக்கம்' பட்டியலில் பத்துப் பெயரை எடுத்துப் புதிய பட்டியலில் கையால் தேடிப் பார்ப்பது நல்லது. வெளியில் சொல்லும் முன் இது கட்டாயம்.

இதெல்லாம் எழுத்தாகத் தேடக்கூடிய ஃபைல் கிடைத்தால்தான். வாக்காளர் பட்டியல்கள் பொதுவெளியில் வருவது பக்கங்களைப் படம்பிடித்த பிடிஎஃப் ஆக. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் பட்டியல்களை எழுத்து வடிவில் தரக் கோரிய மனுக்களை 2018-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. படத்தை மென்பொருள் கொண்டு எழுத்தாக மாற்றும்போது பூஜ்ஜியம் ஆங்கில 'ஓ' ஆகலாம், 8 'பி' ஆகலாம். ஒரு எழுத்து அப்படி மாறினாலும், பட்டியலில் பத்திரமாக இருக்கும் ஒருவர் 'நீக்கம்' பத்தியில் வந்து நிற்பார்.