வேண்டாம் என்பதற்கு இடமில்லை: பெட்டியின் அளவும் தமிழ் எழுத்தும்

2024 நவம்பர் கடைசி வாரம். வங்கக் கடலில் இருப்பது புயலாகுமா ஆகாதா என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நாட்கள். பொம்மையார்பாளையத்தில் படகுகளை மேலே ஏற்றிக் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்த மாமா தன் செல்பேசியை என்னிடம் நீட்டினார். வானிலைச் செயலி ஒன்றின் அறிவிப்பு, ஒரே வரிப் பெட்டிக்குள் இப்படி இருந்தது: ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்…’

“இன்னா மாப்ள இது, வேணும்ங்கறானா வேணாங்கறானா?”

கேட்டுவிட்டுச் சிரித்தார். கடலைப் பார்த்தே அவருக்குத் தெரிந்திருந்தது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மாமா போகவில்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த மூன்று புள்ளிகளை என்னால் விட முடியவில்லை. தமிழ் படித்தவன் என்ற முறையில், வெட்டுப்பட்ட அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

எங்கள் தெருப் பையன் ஒருவன் புதுச்சேரியில் செயலி செய்யும் வேலையில் இருக்கிறான். அவனிடம் காட்டினேன். “அண்ணே, அந்தப் பெட்டிக்கு உயரம் அகலம் ரெண்டையும் ஃபிக்ஸ் பண்ணி வெச்சிருப்பாங்க. இங்கிலீஷ்ல போட்டுப் பாத்திருப்பாங்க, பொருந்தியிருக்கும். உங்க மாமா வேற எழுத்தப் பெருசாக்கி வெச்சிருக்காரு.” தவறு யாருடையது என்ற கேள்விக்கு அவனையறியாமலே அவன் சொன்ன பதில் இது: பெரிதாக எழுதிய கண் தெரியாதவருடையது, நீளமாக எழுதும் தமிழுடையது. பெட்டியுடையது அல்ல.

1

திரையில் ஒரு பொருளின் அளவைச் சொல்ல அடிப்படையில் இரண்டு வழிகள். ஒன்று நிலையான அளவு: இந்தப் பெட்டி இவ்வளவு உயரம், இவ்வளவு அகலம், அவ்வளவுதான். மற்றது சார்பு அளவு: உள்ளே இருப்பதைப் பொறுத்தோ, வெளியே இருப்பதைப் பொறுத்தோ பெட்டி கூடிக் குறையும்.

2007இல் வந்த ஐபோனின் திரை 320க்கு 480 புள்ளிகள். 2008இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு செல்பேசிக்கும் அதே அளவு. எல்லோர் கையிலும் ஒரே திரை என்றால் நிலையான அளவே போதும் என்று தோன்றும். அது சீக்கிரமே உடைந்தது. ஒவ்வொரு பொருளையும் இத்தனையாவது புள்ளியில் வை என்று ஆணையிடும் ‘ஆப்சொலூட் லேஅவுட்’ முறையை ஆண்ட்ராய்டு 2009லேயே கைவிடச் சொல்லிவிட்டது. புள்ளிக்குப் பதில் ‘டிபி’ என்றோர் அலகு. அங்குலத்துக்கு 160 புள்ளி உள்ள திரையில் ஒரு டிபி ஒரு புள்ளி. 320 உள்ள திரையில் இரண்டு. திரை எதுவானாலும் பொத்தான் ஏறத்தாழ ஒரே அளவில் விரலுக்குக் கிடைக்கும். எழுத்துக்குத் தனியாக ‘எஸ்பி’. அது வாசிப்பவர் தன் கண்ணுக்கேற்பத் தேர்ந்த எழுத்தளவோடு சேர்ந்து வளரும். 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14இல் இரு மடங்கு வரை.

மாமாவின் திரையில் நடந்தது இதுதான். எழுத்து எஸ்பியில், பெட்டி டிபியில். எழுத்து அவர் கண்ணுக்காக வளர்ந்தது; பெட்டி யாருக்காகவும் வளரவில்லை. அதாவது ‘டிபி’ என்ற அலகு பல திரைகளை ஒப்புக்கொண்டது, பல மொழிகளை அல்ல. நிலையான அளவு என்பது நடுநிலையான அளவு அல்ல. அது யாரோ ஒருவரைக் கொண்டு அளந்து, பிறகு எல்லோருக்கும் உரியதென்று அறிவிக்கப்பட்ட அளவு.

2

பெட்டிக்கும் எழுத்துக்குமான இந்த இழுபறி செல்பேசியோடு தொடங்கியதல்ல. 1713இல் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியவை. புதிய ஏற்பாட்டை அச்சிட சீகன்பால்கின் குழுவிடம் இருந்த தாளோ குறைவு. தாள் வளராது என்பதால் எழுத்தை இங்கேயே சிறிதாக வார்த்துக்கொண்டார்கள். தாள் நிலையான அளவு, எழுத்து சார்பு அளவு. தமிழ் அச்சின் தொடக்கக் காலத்திலேயே இந்தக் கணக்கு வந்துவிட்டது.

அடுத்தது தட்டச்சுப் பொறி. ரோமன் எழுத்துக்காக உருவான பொறி அது. ஒரு தட்டுக்கு உருளை ஒரே அளவு நகரும். ‘ர’வுக்கும் ‘ண’வுக்கும் அதே இடம். 1930களில் ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சை வடிவமைத்தபோது, புள்ளி போன்றவற்றுக்கு உருளையை நகர்த்தாத விசைகள் தேவைப்பட்டன. பொறியின் கட்டத்துக்குள் தமிழை உட்கார வைக்கச் செய்த அசாத்தியமான வேலை அது. ஆனால் உட்கார்ந்தது தமிழ்தான், நகர்ந்து இடம்விட்டது பொறியல்ல.

1935இல் பெரியார் ‘குடி அரசு’ இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தொடங்கினார். அதில் ஒரு பகுதியை 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கியது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றின் பழைய கூட்டு வடிவங்கள் போய், துணைக்காலும் ஐகாரக் குறியும் தனித்தனியே வந்தன. இங்கேயும் எழுத்து பொறிக்காக மாறியதுதானே என்று கேட்கலாம். மாறியதுதான். ஆனால் பெரியாருக்கு எழுத்து புனிதமல்ல, மனிதருக்கான கருவி. கற்பவருக்கும் அச்சுக் கோப்பவருக்கும் சுமை குறைய வேண்டும் என்பது அவர் வாதம். ஆகவே எழுத்து வளைந்ததா என்பதல்ல நம் கேள்வி. யாருடைய வசதிக்காக வளைந்தது, அதைத் தீர்மானித்தவர் யார் என்பதே.

பிறகு குறுஞ்செய்தி. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து இடம். தமிழில் எழுதினால் 70. அந்த 70லும் பொறி எண்ணுவது நாம் எண்ணும் எழுத்தை அல்ல. ‘பொம்மையார்பாளையம்’ நமக்கு ஒன்பது எழுத்து. பொறிக்குப் பதினேழு. புள்ளி தனி, கால் தனி, கொம்பு தனி. ஊர்ப் பெயரை எழுதி முடிப்பதற்குள் நாலில் ஒரு பங்கு இடம் போய்விடும்.

3

தமிழ் எழுத்துக்கு மேலே புள்ளியும் விசிறியும் உண்டு. கீழே உகரத்தின் சுழிகள் உண்டு. ரோமன் எழுத்தை வைத்து அளந்த வரி உயரத்துக்குள் அவை அடங்காது. அப்போது என்ன செய்வது? பெட்டியை உயர்த்தலாம், எழுத்தை நசுக்கலாம். ஆண்ட்ராய்டு நெடுங்காலம் இரண்டாவதையே இயல்பாக வைத்திருந்தது. உயரம் குறைத்த ஒரு எழுத்துரு. இயல்பான உயரம் வேண்டுமென்றால் செயலி செய்பவர் ‘எலிகன்ட் டெக்ஸ்ட் ஹைட்’ என்ற திறப்பைத் தானாகத் திறக்க வேண்டும். 2014இல் வந்த 5ஆம் பதிப்பில் கிடைத்த வசதி இது. பெயரைக் கவனியுங்கள். நம் எழுத்து தன் முழு உயரத்தில் நிற்பது ‘நேர்த்தி’. அதாவது விரும்பினால் செய்துகொள்ளும் அலங்காரம்.

2024இல் ஆண்ட்ராய்டு 15தான், அந்தப் பதிப்புக்கென எழுதப்படும் செயலிகளில், இதைத் திருப்பிப் போட்டது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், குஜராத்தி, ஒடியா, அரபி, பர்மியம், லாவோ, தாய் ஆகியவற்றுக்கு முழு உயரமே இயல்பு என்றானது. நசுக்கிய எழுத்துருவை ஏன் வைத்திருந்தோம் என்பதற்கு அவர்களே சொன்ன காரணம்: பக்க அமைப்பு உடையாமலிருக்க. ‘ஒடுக்கப்பட்ட எழுத்துரு’ என்று இங்கே சிலேடை செய்யத் தோன்றுகிறது, செய்யக் கூடாது. மனிதர் படும் ஒடுக்குமுறையின் எடை எழுத்துருவுக்கு இல்லை. ஆனால் வாதத்தின் அமைப்பு நமக்குப் பழக்கமானது. அமைப்பு உடையக் கூடாது, ஆகவே நீ குனிந்துகொள்.

4

அப்படியானால் எல்லாவற்றையும் சார்பு அளவாக்கிவிட்டால் விடுதலையா? அதுவும் இல்லை. எதைச் சார்ந்து என்று கேட்க வேண்டும். ஆண்ட்ராய்டில் ‘மேட்ச் பேரன்ட்’ என்றால் பெற்றோர் பெட்டி அளவுக்கு விரி என்று பொருள். பெற்றோருக்கு எவ்வளவோ அவ்வளவே பிள்ளைக்கும். ‘ரேப் கன்டென்ட்’ என்றால் உள்ளே இருப்பதை அணைத்துக்கொள். முன்னது மேலிருந்து வரும் அளவு, பின்னது உள்ளிருந்து வருவது. இரண்டையும் ‘நெகிழ்வு’ என்ற ஒரே சொல்லால் கொண்டாடுவது ஏமாற்று. விரலுக்கான பொத்தானுக்கு நிலையான அளவு தேவைதான், அதுவும் குறைந்தபட்சமாக. சொல்லுக்கான பெட்டியோ சொல்லிலிருந்தே அளவு பெற வேண்டும்.

இடம் போதாதபோது எங்கே வெட்டுவது என்பதும் ஒரு மொழியின் இலக்கணத்தை வைத்துத்தான் முடிவாகியிருக்கிறது. பொதுவாக வாலை வெட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் ஏவல் மறுப்பு தலையிலேயே வந்துவிடும். வால் போனாலும் ‘கூடாது’ நிற்கும். தமிழில் வினை கடைசியில், மறுப்பு அந்த வினைக்கும் கடைசியில். ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ இரண்டும் ‘வேண்’ வரை ஒன்றுதான். மூன்று புள்ளி தின்றது ஒரு சொல்லின் மிச்சத்தை அல்ல, ‘இல்லை’ என்பதையே.

எங்களுக்குத் தெற்கே வீராம்பட்டினத்தில், 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிய தகவல் கிராமத் திட்டத்தின் கீழ், அமெரிக்கக் கடற்படையின் இணையத்திலிருந்து அலை உயரத்தை எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஒலிபெருக்கி கேட்கும் தூரத்தில் இருந்தவருக்கு மட்டுமே சேதி. அந்த எல்லை அதற்கு இருந்தது. ஆனால் ‘வேண்டாம்’ முழுதாகக் கேட்டது. பழைய ஒலிபெருக்கிக்குத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. பெட்டி வரைகிறவர்கள் முதலில் தமிழின் நீண்ட வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு ஆங்கிலத்தைப் போட்டுப் பார்க்கட்டும்.

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “அப்ப பொட்டி பெருசா இருக்கணும், அவ்ளோதானே. இதுக்கா இவ்ளோ நேரம்?” என்றார்.

அவ்வளவுதான்.