கடல் கடந்த தண்டனையும் ஊராரின் அச்சமும்

பெருநகரில் வாழ்வோர்க்கு இரவு ஒரு பெருங்கவலை. தமிழகத்தை விட்டு வந்து மும்பையிலோ தில்லியிலோ கொல்கத்தாவிலோ குடியேறியுள்ள நம்மவர் இக்கவலையை நன்கு அறிவர். பணி முடிந்து திரும்பும் மகள் வந்து சேரும் வரை தாய் வாசலிலேயே நிற்கின்றாள். காலைச் செய்தித்தாளில் ஒரு கொலைச் செய்தி வந்தால், மாலைக்குள் அது தெருவெங்கும் பத்துச் செய்தியாகப் பரவுகின்றது. 'முன்பெல்லாம் இப்படி இல்லை' என்று முதியோர் கூறுகின்றனர்.

இந்த அச்சம் இன்று பிறந்ததன்று. சங்க நூலாகிய மதுரைக்காஞ்சி, பாண்டியன் தலைநகரின் நள்ளிரவைக் கூறுமிடத்து, நூலேணியோடு உலவும் கள்வரையும் அவர்களைத் தேடித் திரியும் ஊர்க்காவலரையும் ஒருசேரக் காட்டுகின்றது. நகரம் தோன்றிய அன்றே நகரத்தின் அச்சமும் தோன்றியது எனலாம். அச்சம் கொள்வது குற்றமன்று. அச்சங்கொண்ட ஊர் அடுத்து என்ன செய்கின்றது என்பதே வரலாறு நம்மிடம் கேட்கும் கேள்வி. அதற்கு விடை தேட, அந்தமான் தீவிலுள்ள புரோத்ராபூர் என்னும் சிற்றூருக்குச் செல்வோம்.

போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கிய நகரத்திற்கு 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. அதன் தெற்குப் புறத்தில் அமைந்தது புரோத்ராபூர். இன்று மாவட்டச் சிறைச்சாலை இவ்வூரில்தான் உள்ளது. தமிழரும் வங்காளியரும் தெலுங்கரும் மலையாளிகளும் சோட்டா நாகபுரியிலிருந்து வந்தோரும் கலந்து வாழும் தீவு அது. ஊரின் பெயரில் முற்பாதி ஆங்கில அதிகாரி ஒருவருடையது. பிற்பாதி நம் நாட்டுச் சொல். விம்பர்லிகஞ்ச், ஃபெரார்கஞ்ச் முதலிய அண்டை ஊர்களும் இவ்வாறே பெயர் பெற்றவை. இவற்றின் கதையை அறிய வேண்டுமாயின், குற்றவாளியைக் கண்காணாத தொலைவுக்கு அனுப்பிவிட்டால் நாடு தூய்மையாகும் என்று நம்பிய காலத்திற்கு நாம் திரும்பிச் செல்ல வேண்டும்.

கிழக்கிந்தியக் கம்பெனியார் 1787ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுக் கைதிகளைக் கடல் கடத்தி அனுப்பத் தொடங்கினர். முதலில் சுமத்திராவின் பென்கூலனுக்கும், பின்னர்ப் பினாங்குக்கும், 1825 முதல் சிங்கப்பூருக்கும் கப்பல்கள் சென்றன. கடலைக் கடந்தவன் குலத்தையும் உறவையும் இழப்பான் என்ற நம்பிக்கை அக்கால மக்களிடம் இருந்தது. ஆதலின் தூக்குமரத்தை அஞ்சாதவனும் கறுப்புத் தண்ணீரை அஞ்சுவான் என்று ஆட்சியாளர் கணக்கிட்டனர். கொள்ளையரையும் கொலைஞரையும் அனுப்பவென்று தோன்றிய அந்த வழி, அவர்களோடு நிற்கவில்லை. 1802ஆம் ஆண்டில் தூத்துக்குடியிலிருந்து பினாங்குத் தீவுக்கு ஏற்றப்பட்டவர்களுள் சின்ன மருதுவின் இளமகன் துரைசாமியும் அவரோடு பாளையக்காரர் போரில் ஈடுபட்டோரும் இருந்தனர். கள்வனுக்குச் செய்த விலங்கு, அரசு யாரை அஞ்சியதோ அவர் காலிலும் பொருந்தியது.

ஓர் ஊர் தன் அச்சத்தை அகற்றும்போது மற்றோர் ஊர் அதனைச் சுமக்க நேரிடுகின்றது. சிங்கப்பூரில் இதுவே நிகழ்ந்தது. 1857இல் வட இந்தியாவில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த செய்தி எட்டியதும், தம் நகரிலுள்ள இந்தியக் கைதிகளும் ஒரு நாளிரவு எழுந்து ஊரைக் கொளுத்துவர் என்ற வதந்தி ஐரோப்பியக் குடியிருப்புகளில் பரவியது. அத்தகைய எழுச்சி ஒன்றும் நிகழவில்லை. ஆயினும், இந்தியாவின் குற்றவாளிகளைத் தம் தலையில் கொட்டுகின்றனர் என்பது, கம்பெனி ஆட்சியிலிருந்து தம்மைப் பிரிக்குமாறு அந்நகர வணிகர் அனுப்பிய விண்ணப்பத்தில் ஒரு குறையாக இடம்பெற்றது. அதே ஆண்டுகளில் அவர்கள் அஞ்சிய அக்கைதிகள் என்ன செய்துகொண்டிருந்தனர்? சாலை போட்டனர், சதுப்பைத் தூர்த்தனர். 1856 முதல் 1861 வரை புனித அந்திரேயா பேராலயத்தைக் கட்டியெழுப்பினர். அதன் சுவர்களில் இன்றும் மின்னும் வெண்பூச்சு 'சென்னைச் சுண்ணம்' எனப்பட்டது. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவும் சர்க்கரையும் கூட்டி அரைத்த, நம் ஊர்க் கொத்தரின் கைப்பழக்கம் அது. அச்சிறையை மேற்பார்த்த மக்னேர் என்ற அதிகாரி, கைதிகளே கைதிகளுக்குக் காவலராய் இருந்த முறையை விளக்கிப் பிற்காலத்தில் ஒரு நூலே எழுதினார்.

இனி அந்தமானுக்கு வருவோம். 1789இல் ஆர்ச்சிபால்டு பிளேர் நிறுவிய முதற் குடியிருப்பு, நோயின் கொடுமையால் 1796இல் கைவிடப்பட்டது. 1857 கிளர்ச்சிக்குப் பின் சிறைகள் நிரம்பி வழிந்தமையால் அத்தீவு மீண்டும் நினைவுக்கு வந்தது. 1858 மார்ச் 10ஆம் நாள் மருத்துவர் வாக்கர் 200 கைதிகளுடன் வந்து இறங்கினார். காடு வெட்டியவருள் பலர் காய்ச்சலுக்கும், தம் மண்ணைக் காத்து நின்ற தீவின் பழங்குடியினரது அம்புக்கும் இரையாயினர். தப்ப முயன்று பிடிபட்டோர் தூக்கிலிடப்பட்டனர். குற்றத்தைத் தடுப்பதற்கென்று தொடங்கிய இடம், முதல் ஆண்டிலேயே பெரும் இடுகாடாயிற்று.

ஆயினும் அக்குடியிருப்பில் வேறொரு முறையும் வளர்ந்தது. பல ஆண்டுகள் ஒழுங்காகக் கழித்த கைதிக்கு ஓர் அனுமதிச் சீட்டு அளித்து, சிறிது நிலமும் கொடுத்து, உழுது பிழைக்க விட்டனர். மணம் செய்துகொள்ளவும் இசைவு உண்டு. பெண் கைதிகளும் அங்கு இருந்தனர். இவ்வாறு போர்ட் பிளேரைச் சூழ்ந்து சிற்றூர்கள் எழுந்தன. புரோத்ராபூரைச் சுற்றிய வட்டாரம் இவ்வாறு திருந்திய நிலமே. நெல் விளைந்தது, பிள்ளைகள் பிறந்தனர். வங்காளத்தானும் பஞ்சாபியும் சென்னை மாகாணத்தானும் ஒருவர்க்கொருவர் சம்பந்தியாயினர். குலம் அழியும் என்று அஞ்சி அனுப்பப்பட்ட இடத்திலே, குல வேற்றுமை பாராத ஒரு புதிய சமுதாயம் தோன்றியது.

இந்த மென்மை நெடுநாள் நீடிக்கவில்லை. 1872 பிப்ரவரி 8ஆம் நாள் மாலை, தீவைப் பார்வையிட வந்த கவர்னர் ஜெனரல் மேயோ பிரபு, ஹோப் டவுன் துறையில் படகேறும் வேளையில் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர் சேர் அலி என்ற கைதி. நன்னடத்தையாளர் என்று பெயரெடுத்து முடிதிருத்தும் பணியில் இருந்தவர். பேரரசே நடுங்கியது. தண்டனை போதாது, இன்னும் கடுமை வேண்டும் என்ற குரல் ஓங்கியது. 1890இல் தீவை ஆராய்ந்த லயால், லெத்பிரிட்ஜ் இருவரும் தண்டனையின் முற்பகுதியைத் தனிமைச் சிறையாக்கப் பரிந்துரைத்தனர். 1896 முதல் 1906 வரை செல்லுலார் சிறை எழுந்தது. நடுவே ஒரு கோபுரம். அதிலிருந்து ஏழு கிளைகள். ஒருவன் முகத்தை ஒருவன் காணாதவாறு எழுநூற்றுக்குச் சற்றுக் குறைந்த தனியறைகள். ஆனால், அவ்வறைகளின் பெயரை உலகறியச் செய்தோர், அங்கு அடைக்கப்பட்டுச் செக்கிழுத்த விடுதலை வீரர்களே. நம் வ. உ. சிதம்பரனாருக்கும் 1908இல் நாடுகடத்தல் தண்டனையே விதிக்கப்பட்டது. ஆயின் அவர் அந்தமானுக்கு அனுப்பப்படவில்லை. கோவையிலும் கண்ணனூரிலும் சிறையிருந்தார்.

இத்தனை கடுமையும் நாட்டில் குற்றத்தை ஒழித்ததா? 1919–20ஆம் ஆண்டுகளில் கூடிய சிறைச்சாலைக் குழுவினர், அந்தமானைத் தண்டனைத் தீவாக வைத்திருப்பதைக் கைவிடுமாறு கூறினர். அரசினர் 1921இல் அதனை ஏற்றனர். ஆயினும் மலபார்க் கிளர்ச்சி எழவே, மாப்பிள்ளைமாரை அங்கு அனுப்பினர். 1926 முதல் ஐக்கிய மாகாணத்திலிருந்து பாந்து வகுப்பாரைக் குடும்பத்தோடு கொண்டுவந்து குடியேற்றினர். பழக்கம் எளிதில் போவதில்லை. 1942இல் ஜப்பானியர் தீவைக் கைப்பற்றினர். 1945இல் போர் முடிந்தபோதுதான் தண்டனைக் குடியிருப்பும் முடிவுற்றது. நம் தண்டனைச் சட்டத்திலிருந்து நாடுகடத்தல் என்ற சொல்லே 1955ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கியது.

ஊராரின் அச்சம் சட்டமாகும் விதத்தை இலண்டன் மாநகரிலும் காணலாம். 1862 ஜூலையில் பில்கிங்டன் என்ற நாடாளுமன்ற உறுப்பினரைத் தெருவில் கழுத்தை நெரித்து வழிப்பறி செய்தனர். செய்தித்தாள்கள் அதனை நாள்தோறும் எழுதின. சிறு கைகலப்பும் கழுத்து நெரிப்பு என்றே பதிவாயிற்று. காவலர் முனைந்து பிடிக்கப் பிடிக்கக் கணக்கு ஏறியது. கணக்கு ஏற ஏற அச்சம் மிகுந்தது. 1863இல் வழிப்பறிக்காரருக்குக் கசையடி விதிக்கும் சட்டம் நிறைவேறியது. அதற்குள் அந்தக் குற்ற அலை தானே தணிந்துவிட்டிருந்தது.

நம் நாட்டில் அச்சம் இதனினும் கொடிய உருவெடுத்தது. 1871ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம், பிறப்பினாலேயே சில வகுப்பாரைக் குற்றவாளிகள் என்றது. 1911இல் அது சென்னை மாகாணத்திற்கும் வந்தது. கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர்க் கள்ளர்மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் காவலர் சுட்டனர். மாயக்காள் என்ற பெண்ணும் உட்படப் பதினாறு பேர் மாண்டனர். அச்சட்டம் சென்னையில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் ஒழிந்தது. ஒருவன் திருடினால் அவன் குலமே திருடும் என்ற எண்ணம் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது. மனத்திலிருந்து நீங்கியதா என்பதை நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்வெண்ணம் நம்மையும் ஒருநாள் சுட்டது. 1966இல் பம்பாயில் சிவசேனை தோன்றியபோது, வேலைகளைப் பறிக்க வந்தோர் என்று தென்னாட்டார்மீது சினம் மூட்டப்பட்டது. தூத்துக்குடியில் பிறந்த வரதராஜன் முதலியார் அந்நகரின் கள்ளக் கடத்தலிலும் சாராயத் தொழிலிலும் பெயர் பெற்ற ஆண்டுகளில், தாராவியில் தோல் பதனிட்டும் இட்டலி விற்றும் நேர்மையாய்ப் பிழைத்த தமிழரும் ஐயப் பார்வைக்கு ஆளாயினர். ஒருவரின் செயலுக்கு ஓர் இனம் விடை சொல்ல நேர்ந்தது. அந்தப் பார்வையின் சூட்டை அறிந்த நாம், இன்று நம் தெருவிற்குப் புதிதாக வந்துள்ள பீகார்க் கூலியாளையோ வடகிழக்கு மாணவனையோ அதே பார்வையால் நோக்கலாமா?

சிலப்பதிகாரத்தை இங்கு நினையாதிருக்க இயலாது. கோவலன் மதுரைக்குப் புதியவன், பிழைக்க வந்தவன். அவனைக் கண்ட காவலருள் சிலர், இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று தயங்கினர். பொற்கொல்லனோ கள்வரின் திறங்களை எடுத்தெடுத்துக் கூறி அவர்களை அச்சுறுத்தினான். மற்றொருவன் தான் முன்பு கண்ட இரவுக் கள்வன் ஒருவனின் கதையைச் சொன்னான். தயக்கம் கரைந்தது, ஒருவன் வாளை வீசினான். கதைகளால் வளர்ந்த அச்சம், விசாரணைக்கு இடமின்றி ஓர் அயலூரானின் உயிரைக் குடித்தது. அதற்கு மதுரை கொடுத்த விலையை நாம் அறிவோம்.

குற்றமே இல்லை என்று நாம் கூற வரவில்லை. மகனை இழந்த தாய்க்கு எந்தக் கணக்கும் ஆறுதல் ஆகாது. ஆயினும் கணக்கை அறிவது நலம். 1992இல் நம் நாட்டில் பதிவான கொலைகள் 40 ஆயிரத்தைத் தாண்டின, 2022இல் 28,522. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் மக்கள் தொகை மிகப் பெருகியும் கொலைகள் குறைந்துள்ளன. மற்றைக் குற்றங்களின் எண் ஏறுவது, முன்பு அஞ்சி மறைத்தோர் இன்று துணிந்து முறையிடுவதாலும் ஆகலாம். எண்ணைப் படிப்போர் இதனையும் எண்ண வேண்டும்.

அன்பர்களே, நம் தெருவில் விளக்கு எரிகின்றதா என்று பார்ப்போம். எரியாவிடில் நகராட்சிக்கு எழுதுவோம். குற்றம் கண்டால் தயங்காது காவல் நிலையத்தில் பதிவு செய்வோம். ஆனால் கேட்டதைக் கண்டதாகச் சொல்லோம். அடுத்த வீட்டார் எம்மொழியினராயினும் அவர் பெயரை அறிவோம். பெயரறிந்த அயலார் பத்துப் பேர் உள்ள தெரு, பூட்டு மட்டும் உள்ள தெருவைக் காட்டிலும் காவல் மிக்கது.

கொலைஞர் என்றும் கொள்ளையர் என்றும் கடல் கடத்தப்பட்டோரின் வழிவந்தவர்கள் இன்று அந்தமானில் ஆசிரியராய், அலுவலராய், வணிகராய் வாழ்கின்றனர். அவர்கள் முன்னோரைத் திருத்தியது செல்லுலார் சிறையின் தனியறை அன்று. ஒரு துண்டு நிலமும் ஒரு குடும்பமும் நம்பி அளித்த ஓர் அனுமதிச் சீட்டுமே. புரோத்ராபூர் வயல்கள் நமக்குச் சொல்வது இதுதான்.