வீட்டுக் கூரை மாற்றுதல்

வீட்டுக் கூரை மாற்றுதல் என்பது பழுதடைந்த அல்லது பழைய வகைக் கூரையை அகற்றிவிட்டு, இருக்கின்ற சுவர்களின் மீதே புதிய கூரையை அமைக்கும் கட்டுமானப் பணியாகும். மேற்பரப்பு மட்டுமே மாறுவதாகத் தோன்றினாலும், கூரையின் எடையும் அது காற்றை எதிர்கொள்ளும் முறையும் மாறுவதால் சுவரும் அடித்தளமும் தாங்கவேண்டிய விசைகளும் மாறிவிடுகின்றன. ஆர்.எஸ்.மங்கலம் (இராஜசிங்கமங்கலம்), தொண்டி, தேவிபட்டினம், இராமேசுவரம் முதலிய இராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று, உவர் நீர், புயல் ஆகியவற்றையும் கருத்திற் கொள்ளவேண்டியுள்ளது.

பின்னணி

பனை மிகுந்த இப்பகுதியில் பனையோலை வேய்ந்த கூரையும், பனஞ்சட்டங்களின் மீது நாட்டு ஓடு பரப்பிய கூரையும் நெடுங்காலமாக வழக்கில் இருந்து வந்துள்ளன. 1865 ஆம் ஆண்டில் பாசல் மிசன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கிய பின்னர், சீமை ஓடு எனப்படும் மங்களூர் ஓடு தென்னிந்தியா எங்கும் பரவியது. அதன் பின் தகரம், கல்நார் சிமெண்டுத் தகடு, காங்கிரீட் தளம் என்பன வந்தன.

ஓலைக் கூரையின் பெருங்குறை எளிதில் தீப்பற்றுதல் ஆகும். 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக் கூரையுடைய பள்ளியில் ஏற்பட்ட தீவிபத்தில் 94 குழந்தைகள் இறந்தனர். அதைத் தொடர்ந்து தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. குடிசைகளுக்கு மாற்றாகக் காங்கிரீட் வீடுகள் கட்ட 2010 இல் ஒரு திட்டமும், 2024 இல் கலைஞரின் கனவு இல்லம் திட்டமும் அறிவிக்கப்பட்டன. பின்னதன் இலக்கு 2030 ஆம் ஆண்டுக்குள் 8 இலட்சம் வீடுகள் ஆகும். இத்தகைய திட்டங்களில் அடித்தளம் முதற்கொண்டு புதிய வீடே கட்டப்படுகின்றது. பழைய சுவரின் மீது புதிய கூரையை மட்டும் ஏற்றும்போதே கீழ்க்காணும் சிக்கல்கள் எழுகின்றன.

எடையும் சுவரும்

ஒரு சதுர மீட்டர் கூரையின் எடை ஏறக்குறையப் பின்வருமாறு அமையும்.

* தகரம் (0.5 மி.மீ.) - 5 கிலோகிராம்
* கல்நார் சிமெண்டுத் தகடு (6 மி.மீ.) - 14 கிலோகிராம்
* மங்களூர் ஓடு (மரச்சட்டம் நீங்கலாக) - 35 முதல் 45 கிலோகிராம்
* காங்கிரீட் தளம் (10 செ.மீ. தடிப்பு) - 250 கிலோகிராம்

எடுத்துக்காட்டாக, 20 சதுர மீட்டர் பரப்புள்ள வீட்டில் ஓடுகளின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. அதே வீட்டில் காங்கிரீட் தளம் இட்டால் அதன் எடை மட்டும் 5 டன் ஆகும். மேலே பதிக்கும் தட்டோடு, தண்ணீர்த் தொட்டி ஆகியவை இதற்கு மேற்பட்டவை. ஓலைக்கோ ஓட்டுக்கோ எனக் கட்டப்பட்ட மண் சாந்துச் சுவர்கள் இச்சுமையைத் தாங்கும் எனக் கொள்ள இயலாது. எனவே சுவரோரம் சிறு குழி தோண்டி அடித்தளத்தின் ஆழத்தையும் அகலத்தையும் காண்பதும், சாந்தின் உறுதியை ஆராய்வதும், கட்டிடப் பொறியாளரின் கருத்தைப் பெறுவதும் முதற்பணிகள் ஆகும். சுவர் போதாதெனில், தளத்தின் சுமையைத் தனித் தூண்கள் வழியாக நிலத்துக்குக் கடத்தவேண்டும். அல்லது எடை குறைந்த கூரையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

காற்று

எடை குறைந்த கூரைக்கு இதற்கு நேர்மாறான இடர் உண்டு. கூரையின் மேல் விரைந்து செல்லும் காற்று அதனை மேல்நோக்கி உறிஞ்சுகின்றது. கதவு, சன்னல் வழியே உட்புகும் காற்றும் கீழிருந்து தள்ளுகின்றது. 1964 திசம்பர் 22-23 இரவில் வீசிய புயல் தனுசுக்கோடியை அழித்தது. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் ஓட்டு வீடுகளையும் குடிசைகளையும் பெருமளவில் சேதப்படுத்தியது.

தகட்டைச் சட்டத்துடன் இணைத்தால் மட்டும் போதாது. தகடு, குறுக்குச் சட்டம், கைமரம், சுவர் ஆகிய அனைத்தும் ஒன்றோடொன்று தொடர்ச்சியாகப் பிணைக்கப்படவேண்டும். இவற்றுள் ஒன்று விடுபட்டாலும் கூரை அவ்விடத்தில் பிரிந்துவிடும். உறிஞ்சுவிசை ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும் மிகுதியாதலால் அங்கு கொக்கி ஆணிகளை நெருக்கமாக இடவேண்டும். இறவாரம் சுவரைத் தாண்டி அதிகம் நீளுதல் கூடாது. இருபுறச் சரிவுக் கூரையைவிட நாற்புறச் சரிவுக் கூரை புயலைச் சிறப்பாகத் தாங்கும்.

உப்பு

காங்கிரீட்டினுள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும்போது பருத்து, தன்னைச் சூழ்ந்த காங்கிரீட்டைப் பிளக்கின்றது. கடலோர வீடுகளில் தளத்தின் அடிப்பகுதி பெயர்ந்து விழுவதற்கு இதுவே முதன்மைக் காரணம். கடற்காற்றிலுள்ள உப்பு மட்டுமன்றி, கலவைக்குப் பயன்படுத்தும் உவர் நீரும் கடல் மணலும் இதனை விரைவுபடுத்துகின்றன. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456 (2000) இன்படி, கம்பியிட்ட காங்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. கடலோரச் சூழலுக்கு நேரே வெளிப்படும் காங்கிரீட்டுக்கு எம் 30 தரமும், கம்பிக்கு மேல் 45 மி.மீ. மூடுபடலமும் அந்நியமம் கோருகின்றது. உட்புறம் போன்று காப்புள்ள பகுதிகளுக்கு எம் 25 தரமும் 30 மி.மீ. மூடுபடலமும் போதும். மூடுபடலத்தைக் காங்கிரீட் இட்ட பின்னர் கண்ணால் அறிய இயலாது. ஆகவே கம்பி கட்டி முடிந்தவுடன், கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் கட்டைகளை அளந்து பார்த்தல் வேண்டும்.

தகரக் கூரையில் துரு முதலில் ஆணித் துளைகளிலும் வெட்டு விளிம்புகளிலும் தோன்றுகின்றது. ஓட்டுக்கு உப்பினால் ஏற்படும் பாதிப்பு இவற்றைவிடக் குறைவு.

கல்நார்த் தகடுகளை அகற்றுதல்

கல்நார் இழைகள் நுரையீரல் புற்றுநோயையும், நுரையீரல் உறையில் தோன்றும் புற்றுநோயையும் விளைவிக்கின்றன. உடையாத தகட்டைவிட, உடைக்கப்படும் அல்லது அறுக்கப்படும் தகடே மிகுந்த தீங்கானது. ஆகவே அகற்றும்போது தகடுகளை நீரால் நனைத்து, ஆணிகளைக் கழற்றி, முழுத் தகடுகளாகவே இறக்கவேண்டும். இழைகளைத் தடுக்கும் முகமூடி தேவை; முகத்தில் கட்டும் துணி இவ்விழைகளைத் தடுக்காது. உடைந்த துண்டுகளைப் பாதையில் கொட்டி நிரப்புதல் கூடாது.

பணிக்காலம்

இம்மாவட்டம் தன் மழையில் பெரும்பகுதியை அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெறுகின்றது. எனவே பழைய கூரையைப் பிரிக்கும் பணியைச் செப்டம்பருக்குள் முடிக்கும் வகையில் தொடங்குதல் நன்று. கோடையில் தளம் இட்டால் ஈரம் விரைவில் உலர்ந்துவிடும். குறைந்தது 10 நாட்களும், சாம்பல் கலந்த சிமெண்டு எனில் 14 நாட்களும் தளத்தை நல்ல நீரால் நனைத்து வைத்தல் வேண்டும். நனைக்கவும் உவர் நீரைப் பயன்படுத்தினால், கலவையில் காட்டிய கவனம் வீணாகிவிடும்.